உறையக் கூடாதது

அட்டையில் எழுதியிருந்ததைக் கஸ்பார் இன்னொரு முறை வாசித்தான். இன்னொரு முறையும் அதேதான் எழுதியிருந்தது. உறைய வைக்கக் கூடாது. இங்கிலீஷில், பொடிப்பொடி எழுத்தில், அதற்குக் கீழே இன்னும் ஏதேதோ. உறைந்துபோயிருந்தால் பயன்படுத்தாமல் எறிந்துவிடவும் என்பதுதான் அந்த ஏதேதோ என்று எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தபோது தெரிந்தது. பத்தாவது வரை படித்ததற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்திருக்கிறது. யார் வாசிக்கச் சொன்னது? டாக்டரம்மா இன்னும் வரவில்லை, பிள்ளைகள் ஆஸ்பத்திரிக் கூடத்தில் பேன் சத்தம் இருக்கிற அளவுக்குக் காற்று இல்லை, சுவரில் வரைந்திருக்கிற யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்று மடியில் இருந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்தான், மருந்துக் குப்பியைத் தொட்டுக் குளிர்ச்சி பார்த்தான், பார்த்த கையோடு குப்பி வந்த அட்டையைத் திருப்பினான். திருப்பாமல் இருந்திருந்தால் இந்நேரம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் அவன் மகன் ஜெரோன், ஏழு வயது, வீட்டுச் சட்டையும் பள்ளிக்கூட ஷூவுமாக உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பக்கம் மனைவி ஜெசிந்தா, வந்த அரை மணிக்குள் பக்கத்துப் பெஞ்சுக்காரியோடு பிறந்த வீடு புகுந்த வீடு வரை பேசி முடித்துவிட்டாள். எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கஸ்பாருக்கு மட்டும் உள்ளங்கை வேர்க்கிறது, பெட்டி ஈரமா கை ஈரமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ராத்திரி பூராவும் மருந்து உறைந்துதான் கிடந்தது. காலையில் அவனே பார்த்தான். பார்த்ததோடு விடாமல் பெருமைப்பட்டான்.

ஐஸைப் பற்றிக் கஸ்பாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கோளாறே அங்கேதான். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் அவனுக்குப் பெட்டி போடுகிற வேலை. படகிலிருந்து இறங்குகிற சீலாவையும் விளமீனையும் ஐஸ் வைத்துக் கட்டிக் கேரளாவுக்கு லாரி ஏற்றிவிடுவான், போய்ச் சேருகிற இடத்தில் திறந்தால் மீன் இப்போதுதான் தண்ணீரைவிட்டு வந்ததுபோல் முழித்துக்கொண்டு இருக்கும். கஸ்பார் கட்டின பெட்டி என்றால் வியாபாரிகள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தெருவில் கல்யாணத்துக்குக் கலர் சோடா குளிரவைக்க வேண்டுமா, வெளிநாட்டு மகன் வருகிற வரைக்கும் பெரியவர் உடலைக் காக்கவைக்க வேண்டுமா, கூப்பிடு கஸ்பாரை. அப்பேர்ப்பட்டவனிடம் போய் மெடிக்கல் கடை சங்கரபாண்டி அண்ணாச்சி ஐஸ் வைக்கும் விதம் சொல்லலாமா? நேற்றுச் சாயங்காலம் சொன்னார். இங்கே கிடைக்காத மருந்து அது, மதுரைக்குச் சொல்லிவிட்டு, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று நடையாய் நடந்து, கடைசியில் நேற்றுத்தான் வந்தது. "கஸ்பாரு, டாக்டரம்மா திருநெல்வேலியில இருந்து நாளைக்குக் காலையிலதான வாராங்க. மருந்து இங்கனயே பிரிட்ஜ்ல இருக்கட்டும், போற வழியில வாங்கிட்டுப் போ" என்றார். "கரண்டு போயிப் போயி வருது அண்ணாச்சி. உங்க பிரிட்ஜ நம்பி எம் பிள்ளை மருந்த விட்டுட்டுப் போவச் சொல்லுதீகளா?" என்றான் இவன். "அப்பம் நேரா ஐஸ்ல வச்சிராத, கேட்டியா? துணியச் சுத்தி, ஐஸ் படாம..." "ஐஸ் வைக்கிறது எப்பிடின்னு எனக்கா சொல்லித் தாறீக?" என்று கேட்டபோது அண்ணாச்சியே சிரித்துவிட்டார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நேற்று இனித்தது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் கரண்டு இல்லை, காற்றும் மழையுமாக இருந்தது. கஸ்பார் கலங்கினானா? தெர்மாகோல் பெட்டியில் பொடி ஐஸை அள்ளிப் போட்டான், நடுவில் பள்ளம் பறித்து மருந்தை இறக்கினான், மேலே மறுபடி ஐஸ், அதற்கு மேல் கைநிறையக் கல்லுப்பு. உப்புப் பட்டால் ஐஸுக்கு இன்னும் வெறி ஏறிக் குளிர் கூடும், அது துறைமுகத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தூரத்துச் சரக்குக்கு, சீலாவிலும் முதல் தரச் சீலாவுக்கு மட்டும் செய்கிற உபசாரம் அது. எம் பிள்ளை மருந்துக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்ய? காலையில் மூடியைத் திறந்தபோது குப்பிக்குள் மருந்து வெள்ளைக் கல்லாக நின்றது. "ஏளா, இங்க வந்து பாரு. கல்லு மாதிரி நிக்கி" என்று ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினான். மீனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அவளும் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பிள்ளைக்குத் தலை சீவப் போய்விட்டாள்.

இப்போது குப்பியில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறது. வருகிற வழியில் ஐஸ் கரையக் கரைய இளகிவிட்டது. ஆட்டிப் பார்த்தான், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான், மிதக்கிறதா படிகிறதா என்று பார்த்தான், ஒன்றும் இல்லை. புதிதாக வந்தது போலவே இருக்கிறது. உறைந்தது என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை, அவனைத் தவிர. ஜெசிந்தாவும் பார்த்தாள்தான், ஆனால் அவளுக்கு அது நல்ல சேதி. சரி, உறைந்தால்தான் என்ன? உறைந்தது, உருகிவிட்டது, பழையபடி ஆகிவிட்டது. கம்பெனிக்காரன் நூறு எழுதுவான். தலைவலி மாத்திரைக்கே ஒரு முழத்துக்குத் தாள் வைக்கிறான், அதெல்லாம் பார்த்தால் யாராவது மாத்திரை போட முடியுமா? வெயிலில் வைக்கக் கூடாது என்பான், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது என்பான், அது ஒரு பேச்சுக்கு. ஆனால் எறிந்துவிடவும் என்று எழுதியிருக்கிறானே. விற்கிறவன் எறியச் சொல்வானா, காரணம் இல்லாமல்? கஸ்பார் அட்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். மூடின பிறகும் அந்த எழுத்து கண்ணுக்குள்ளேயே நின்றது. யாரோ இருமினார்கள். கஸ்பார் சட்டென்று திரும்பிப் பார்த்தான், பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இருமியது ஒரு கைக்குழந்தை. கைக்குழந்தை இருமினால்கூட இப்போதெல்லாம் அவனுக்குக் கோபம் வருகிறது.

முன்பெல்லாம் அவன் இப்படி இல்லை. துறைமுகத்துச் சகதியில் பிள்ளை புரண்டுவிட்டு வந்தாலும் சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறவன். ஜெரோன் சைக்கிளோடு விழுந்தானே, அதற்குப் பிறகுதான் எல்லாம். விழுந்தவனுக்குக் கையில் காலில் ஒரு கீறல்கூட இல்லை, சைக்கிள் ஹேண்டில்பார் நுனி வயிற்றில் குத்தியிருந்தது, அவ்வளவுதான், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டான். சாயங்காலம் சுருண்டு படுத்தான். ஜெசிந்தாதான் முகம் வெளுக்கிறதைப் பார்த்து ஆட்டோவைக் கூப்பிட்டாள். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் நிறைந்திருக்கிறது, அதை எடுத்தால்தான் பிள்ளை பிழைப்பான் என்றார்கள், எடுத்தார்கள், பிள்ளை பிழைத்தான். மண்ணீரல் என்ற வார்த்தையை அவன் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. ஆட்டுக் கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோமே, அதுதான் இது என்று பிறகு யாரோ சொன்னார்கள். ஜெசிந்தா மாசமாக இருந்தபோது ரத்தம் ஊறும் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாங்கி வந்து சுட்டுக்கொடுத்தது இதைத்தானா? அதிலிருந்து கறிக்கடைப் பக்கமே அவனால் போக முடியவில்லை, கொக்கியில் தொங்குகிறதைப் பார்த்தால் காதை அடைக்கிறது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். மண்ணீரல் இல்லாமலும் நன்றாக வாழலாம், ஓடலாம், படிக்கலாம், ஆனால் சில கிருமிகளைப் பிடித்து நிறுத்துகிற வேலையை அதுதான் பார்த்துக்கொண்டிருந்தது, இனி அந்த வேலைக்கு உள்ளே ஆள் குறைவு, அதனால் ஊசி போட்டு உடம்பை முன்கூட்டியே பழக்க வேண்டும். மற்ற ஊசியெல்லாம் போட்டாயிற்று. பாக்கி நின்றது இது ஒன்று. மூளைக்காய்ச்சல் கொண்டுவருகிற கிருமிக்கான ஊசி. அந்தக் கிருமிக்கு டாக்டரம்மா சொன்ன பெயர் கஸ்பாரின் வாயில் நுழையவில்லை. நல்லா நடமாடுகிற ஆட்களுடைய தொண்டையிலும் மூக்கிலும் அது சும்மா குடியிருக்குமாம், அவர்களை ஒன்றும் செய்யாதாம், இருமல் தும்மல் முத்தத்தில் அடுத்தவருக்குப் போகுமாம். எப்போதாவது ஒரு பிள்ளைக்கு ரத்தத்தில் இறங்கினால், காலையில் சும்மா காய்ச்சல் போலத் தொடங்கும், பொழுது சாய்வதற்குள் கைமீறிப் போய்விடும். அபூர்வம்தான், ரொம்ப அபூர்வம்தான், ஆனால் உங்க பிள்ளைக்கு நாம ரிஸ்க் எடுக்கக் கூடாது என்றார். அபூர்வம் என்ற வார்த்தை கஸ்பார் காதில் விழவே இல்லை. பொழுது சாய்வதற்குள் என்பது மட்டும் விழுந்தது.

விழுந்தது விழுந்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நல்லா நடமாடுகிற ஆட்கள் என்றால் யார்? எல்லாரும்தானே. தன் கூடப்பிறந்தவள் ஜெரோனைக் கொஞ்சக் குனிந்தபோது அவள் முகத்தைக் கையால் தடுத்தான், அவள் இரண்டு மாதமாக வாசல்படி மிதிக்கவில்லை. பூசைக்குப் போனால் பாட்டுப் பாடுகிறவர்களின் திறந்த வாய்தான் தெரிகிறது, ஒவ்வொரு வாய்க்குள்ளும் அது குடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான், பூசை முடிந்துவிடுகிறது. பிறகு அந்த டம்ளர். உடம்பில் செம்புள்ளி ஊதாப்புள்ளி கண்டால் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள், அழுத்தியும் மறையாமல் தெரிந்தால் எதையும் யோசிக்காமல் ஓடி வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவைத்தார். காய்ச்சலோடு வந்தால்தான் என்று சொன்னதையும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. தூத்துக்குடியில் கொசுவுக்கா பஞ்சம்? பிள்ளை உடம்பில் தினமும் பத்துத் தடிப்பு இருக்கும், பத்தையும் அவன் டம்ளர் வைத்து அழுத்துவான். தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் போட்டு அழுத்துவான். "யப்பா, கூசுது" என்று அது கண்ணை மூடிக்கொண்டே சிரிக்கும். தடிப்பு மறையும், கஸ்பாருக்கு உயிர் வரும், அடுத்த தடிப்புக்குப் போவான். ஜெசிந்தா ஒருநாள் அந்த டம்ளரைப் பிடுங்கி மேல் அலமாரியில் போட்டுவிட்டாள். "நீங்க இப்பிடியே இருந்தீகன்னா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, நமக்குத்தான் கிறுக்குப் பிடிக்கும்" என்றாள். அந்த ஊசி வரட்டும், போட்டுவிடலாம், அப்புறம் டம்ளரைத் தொட மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தான். பனிமய மாதாவுக்கும் கொடுத்தான். ஊரே கும்பிடுகிற மாதா, பனிக்கே மாதா, அவளாவது நேற்று ராத்திரி கொஞ்சம் குளிரைக் குறைத்துக் கொடுத்திருக்கக் கூடாதா? அவன் போட்ட உப்புக்கு மாதா என்ன செய்வாள்.

"யப்பா, டாக்டர் எப்பம் வருவாங்க?" என்றான் ஜெரோன்.

"வந்துருவாங்க மக்கா."

"ஊசி போட்ட ஒடனே ஸ்கூலுக்குப் போலாமா?"

"இன்னிக்கு சனிக்கிழமலா. திங்கக்கிழம."

"திங்கக்கிழம கண்டிப்பா?"

கஸ்பார் பிள்ளையின் தலையைத் தடவினான். எப்போதும் தடவுகிறவன்தான், அதனால் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்ச நாள் கூட்டத்தில் கவனம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். அதைப் பள்ளிக்கூடம் கிடையாது, தெருவில் விளையாட்டு கிடையாது, யாரும் வீட்டுக்கு வரவும் கிடையாது என்று சட்டமாக்கியது கஸ்பார். காலையில் பள்ளிக்கூட வேன் தெருமுனையில் நிற்கும்போது ஜெரோன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற ஒவ்வொருவன் பெயரையும் சொல்லுவான். வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பான். ஒருநாள் கஸ்பார் துறைமுகத்திலிருந்து திரும்பியபோது பிள்ளை தலையணைகளை வரிசையாக உட்காரவைத்து, தானே டீச்சராக நின்று, ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தான். தன் பெயர் வந்ததும் ஓடிப்போய்த் தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உள்ளேன் டீச்சர் என்றான். கஸ்பார் வாசலிலேயே நின்றுவிட்டான். அழுகை வரவில்லை, மீன் நாற்றம் அடிக்கிற கையோடு அப்படியே நின்றான். ஊசி என்றால் இந்தப் பிள்ளைக்குச் சிம்ம சொப்பனம். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குத்தின குத்தில் வெள்ளைச் சேலையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். இன்றைக்கு அவனே எழுந்து, அவனே ஷூ மாட்டிக்கொண்டு, அவனே ஆட்டோவில் முதலில் ஏறினான். இந்த ஊசிக்காக இல்லை, திங்கட்கிழமைக்காக. அவனிடம் போய், மக்கா, உங்கப்பன் ஐஸ்காரன்லா, அதனால ஊசி இல்ல, இன்னும் எத்தன திங்கக்கிழமையோ தெரியல என்று எப்படிச் சொல்வது? மதுரையிலிருந்து அடுத்தது எப்போது வரும்? அண்ணாச்சியே கையை விரித்தார், இதுவே அபூர்வமாகத்தான் வருகிறது என்று. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மறுபடியும் அந்த ஜன்னல், மறுபடியும் அந்தத் தலையணைகள்.

ஜெசிந்தா பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் இப்போது அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரரு ஐஸ்லதான் பொழைப்பே. மருந்தக் கையில வாங்குனதுல இருந்து கீழ வைக்கல, பாத்துக்கிடுங்க. ராவெல்லாம் முழிச்சிருந்து முழிச்சிருந்து பெட்டியப் பாத்தாவ." பெஞ்சுக்காரி மரியாதையாகக் கஸ்பாரைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள், அடுத்த வார்த்தை அதுதான், கல்லு மாதிரி நின்னுச்சு என்று சொல்லிவிடுவாள், பெஞ்சுக்காரி விவரம் தெரிந்தவளாக இருந்தால் ஐயையோ உறையக் கூடாதே என்பாள், விஷயம் வெளியே வந்துவிடும். வந்துவிடட்டும். அவன் வாயால் வராமல் வந்தால் போதும். சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் அவளை நெட்டித் தள்ளினான். அவள் வாயைத் திறந்தாள். "உங்க பாப்பாவுக்கு எத்தன பல்லு முளைச்சிருக்கு?" என்றாள். கஸ்பாருக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, ஒரு பக்கம் உயிர் போனது. கல்யாணமான நாளிலிருந்து சொல்லக் கூடாத இடத்தில் எல்லாவற்றையும் சொல்லுகிறவள், சொல்ல வேண்டிய இன்றைக்குப் பல்லை எண்ணுகிறாள்.

போடட்டும், அவ்வளவுதானே? யோசித்துப் பார்த்தால் அதுதான் எல்லாருக்கும் நல்லது. இந்த ஊசி ஒன்றோடு முடியாது, இரண்டு மாதம் கழித்து இன்னொரு தவணை உண்டு என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். அடுத்த தவணைக்கு ஒழுங்கான மருந்து வாங்கி, அண்ணாச்சி சொன்னபடி துணி சுற்றி, பூப்போல எடுத்துவந்து போட்டுவிட்டால் தீர்ந்தது. நடுவில் இரண்டு மாதம். இரண்டு மாதத்தில் என்ன வந்துவிடும்? அபூர்வம் என்றுதானே சொன்னார். இப்போது அந்த வார்த்தை நன்றாகக் காதில் விழுகிறது. பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவான், வேனில் ஜன்னலோரம் சண்டை போட்டு உட்காருவான், ஜெசிந்தா நிம்மதியாகத் தூங்குவாள், கூடப்பிறந்தவளைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசிவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். கஸ்பார் மட்டும் கொஞ்சம் கவனமாக இருந்துகொண்டால் போதும். எப்படிக் கவனமாக இருப்பான்? டம்ளரை எடுத்தால் ஜெசிந்தா கேட்பாளே, அதான் ஊசி போட்டாச்சே என்று. ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். வராமல் இருக்குமா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு? இவன் துறைமுகத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான், அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், அதான் ஊசி போட்டாச்சே, சளிக் காய்ச்சல்தான் என்று கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்கவைப்பாள். பொழுது சாய்வதற்குள். அவளுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, போட்டாயிற்று என்றுதான் அவரும் நினைப்பார். ஊரில் ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் ஐஸ் அள்ளிக்கொண்டிருப்பான். ஊசியே போடாத பிள்ளைக்காவது பயந்து ஓடி வருகிற அப்பன் ஆத்தாள் இருப்பார்கள். போட்டதாக நினைக்கிற பிள்ளைக்கு அதுவும் இல்லை.

கஸ்பாருக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது, எழுந்திருக்கவில்லை. தெளிவாக இருக்கிறதே, பார்த்தால் நல்ல மருந்தாகத்தானே இருக்கிறது என்று மறுபடி ஒரு தடவை தொடங்கினான், தொடங்கின இடத்திலேயே நின்றுவிட்டான். ஏனென்றால் உறைந்து உருகின சரக்கைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட மீனைச் சில பேர் புது மீனோடு கலந்து தள்ளிவிடப் பார்ப்பார்கள். கண் நன்றாக இருக்கும், செதில் மினுங்கும், வாங்குகிறவன் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவான். வீட்டில் போய் வெட்டினால் சதை களி மாதிரி கையோடு வரும். வெட்டுகிற வரைக்கும் தெரியாது. அந்த மாதிரிச் சரக்கை அவன் பெட்டியில் ஏற்றியதே இல்லை. ஒரு தடவை ஏற்றச் சொன்ன முதலாளி முன்னால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். யாரோ முகம் தெரியாத மலையாளத்துக்காரன் சட்டியில் நல்ல மீன் விழ வேண்டும் என்று. மீனும் மருந்தும் ஒன்றா என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. மருந்தைப் பற்றித்தான் எதுவும் தெரியாதே, தெரிந்த மாதிரி நடந்துகொண்டதுதானே இவ்வளவும். ஆனால் வெளியே பார்த்தால் தெரியாது என்கிற ஒன்று இருக்கிறது, அது மட்டும் தெரியும்.

"ஜெரோன்" என்று சிஸ்டர் கூப்பிட்டார். டாக்டரம்மா எப்போது வந்தார், அவனுக்கு முன்னால் எத்தனை பேர் உள்ளே போய் வந்தார்கள், எதையும் அவன் பார்த்திருக்கவில்லை. ஜெரோன் குதித்து இறங்கி முதல் ஆளாக நடந்தான். உள்ளே ஸ்பிரிட் வாசம், சின்ன மெத்தைக் கட்டில், தரையில் பிள்ளைகள் விழுந்தால் அடிபடாத பஞ்சு விரிப்பு. "ஆங், நம்ம ஜெரோன் ஐயாவா? இன்னிக்கு ரொம்பத் தைரியமா இருக்காரே" என்றார் டாக்டரம்மா. பிறகு கஸ்பாரைப் பார்த்து, "ஒருவழியா மருந்து கெடச்சுதா? கூலிங் விடாமக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். கஸ்பார் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா முந்திக்கொண்டாள். "அத அவுகளுக்குச் சொல்லணுமா டாக்டர்? ஐஸ்லேயே கெடக்க மனுசன்." டாக்டரம்மா சிரித்தார், சிஸ்டர் சிரித்தார், நேற்று அண்ணாச்சி கடையில் கேட்ட அதே மாதிரிச் சிரிப்பு. சொல் இப்போது. இதுதான் நேரம். இவ்வளவு பேர் சிரித்த பிறகா? முட்டாள் என்று சொல்ல மாட்டார்கள், படித்தவர்கள், முகத்தில் காட்டாமல் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள், அது இன்னும் மோசம். சிஸ்டர் கையை நீட்டினார். கஸ்பார் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தான், நீட்டினான், அவர் விரல் தொடுகிற நேரத்தில் தன் விரலை விட்டான். விட்டது அவன்தான், வழுக்கவில்லை. உடைந்து போகட்டும். கையாலாகாதவன் என்று பெயர் வரட்டும், கைதவறியது என்று ஊரே திட்டட்டும், உப்புப் போட்டவன் என்று மட்டும் வர வேண்டாம். ஒரு கண்ணிமைப்பில் அவன் இவ்வளவையும் நினைத்து முடித்துவிட்டான். குப்பி பஞ்சு விரிப்பில் விழுந்து, சத்தமே இல்லாமல் ஒரு உருளு உருண்டு, ஜெரோனின் ஷூவில் முட்டி நின்றது. ஜெரோன்தான் குனிந்து எடுத்தான். "ஒடையலப்பா!" என்று சிரித்துக்கொண்டே சிஸ்டர் கையில் கொடுத்தான்.

"நல்ல வேளை, மாதா காப்பாத்திட்டா" என்றாள் ஜெசிந்தா. சிஸ்டர் குப்பியைத் துடைத்தார், ஊசியைப் பிரித்தார், ரப்பர் மூடியில் குத்தி மருந்தை இழுத்தார். தெளிவாக ஏறியது. அழகாக ஏறியது. ஜெரோன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் உதடு எதையோ முணுமுணுத்தது. பஞ்சு தோளில் பட்டதும் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது, ஆனால் கையை இழுக்கவில்லை. அந்தத் தோளில் நேற்றைய கொசுத் தடிப்பு ஒன்று சிவப்பாக இருந்தது.

"சிஸ்டர், போடாதீங்க" என்றான் கஸ்பார்.

சத்தம் பெரிதாக வந்துவிட்டது. சிஸ்டர் கை அப்படியே நின்றது. "அது ஒறஞ்சு போச்சு. ராத்திரி பூரா ஒறஞ்சு கெடந்துச்சு. நாந்தான் ஐஸ்ல உப்புப் போட்டு வச்சேன், மீனுக்கு வைக்க மாதிரி. அட்டையில போட்டிருக்கு, நான் இப்பத்தான் வாசிச்சேன். கீழ வேணும்னுதான் போட்டேன், ஒடஞ்சிரும்னு பாத்தேன்." கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டான், தொடங்கின பிறகு நிறுத்தத் தெரியவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து சிஸ்டர் கையிலிருந்து ஊசியை வாங்கித் தட்டில் வைத்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை. "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார், "இது பிள்ளைக்குப் பலன் தராது. வேற வரவழைப்போம். ஆனா எப்ப வரும்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது." கஸ்பார் ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை, நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள், அவ்வளவுதான்.

ஜெரோன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ஊசி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், வராததால் மெதுவாக ஒரு கண்ணை மட்டும் திறந்து, தட்டைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்திருக்க நியாயம் இல்லை. புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"அப்பம் திங்கக்கிழம?" என்றான்.

அவன் தோளிலிருந்து இறங்க இருந்த சட்டைக் கையை மறுபடி மேலே சுருட்டி, சிஸ்டருக்கு எட்டும்படி கையைத் தூக்கி நீட்டினான்.

"போடுங்க சிஸ்டர். பரவால்ல. நான் அழ மாட்டேன்."